மருந்துக்கொம்பின் ஒட்டுகள்: பழுதுபார்ப்பு ஒரு வரலாற்றுச் சான்று

பதினெட்டாம் நூற்றாண்டின் வட அமெரிக்காவில், துப்பாக்கி ஏந்தியோர் வெடிமருந்தை மாட்டுக்கொம்பில் இட்டுத் தோளில் தொங்கவிட்டனர். கொம்பு ஈரத்தைத் தடுக்கும். உரசினால் தீப்பொறி எழாது. எடை குறையவும், உள்ளிருக்கும் மருந்தின் அளவு ஒளியில் புலப்படவும் அதனைச் சுரண்டி மெலிதாக்கினர். மெலிந்த இடம் எளிதில் ஓட்டையாகும். கெரட்டினை உண்ணும் வண்டுப் புழுக்களும் துளையிடும். துளைவழி ஈரம் புகுந்தால் மருந்து பயனற்றுப்போகும்; தீப்பொறி புகுந்தால் உயிருக்கே கேடு. ஆதலின் பழுதுபார்த்தல் இன்றியமையாததாயிற்று. சிறு துளைக்கு முளையோ பிசினோ போதும்; பெருந்துளைக்கு வெப்பத்தால் இளக்கி வளைத்த கொம்புத் துண்டோ உலோகத் தகடோ வேண்டும்.

1754–1763 காலப் பிரெஞ்சு–செவ்விந்தியர் போரைச் சார்ந்த கொம்புகள் பலவற்றில் உரியவர் பெயரும் ஆண்டும் நிலப்படமும் பொறிக்கப்பட்டுள்ளன. பொறிப்பு ஒரு கணத்தையே பதிவுசெய்கிறது. ஒட்டோ அக்கொம்பின் தொடர்ந்த வாழ்வைக் காட்டுகிறது. பொறித்த கோட்டை ஒட்டு மறைத்தால், அது பொறிப்புக்குப் பிற்பட்டது. கோடு ஒட்டின்மீதும் தொடர்ந்தால், அக்கோடு ஒட்டுக்குப் பிற்பட்டது. எனவே, பழைய ஒட்டை அகற்றிப் புதுமெருகு ஏற்றுதல் இக்காலவரிசையையே அழித்துவிடும். இன்றைய பாதுகாப்புப் பணி, மீண்டும் அகற்றத்தக்க பொருளால், உரிய ஆவணப்பதிவுடன் அமைதலே முறை.