முற்றா நிலக்கரி

முற்றா நிலக்கரி என்பது ஆங்கிலத்தில் பீட் எனப்படுவது. நீர் தேங்கிய சதுப்பில் மடியும் புல், கோரை, பாசி ஆகியவற்றுக்குக் காற்று கிடைக்காததால் அவை முழுதும் மக்குவதில்லை. கறுப்பாக, நாராக, ஈரம் சொட்டச்சொட்ட அடுக்கடுக்காய்ப் படிகின்றன. ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்.

மாணவர் பலர் இதை நிலக்கரி என்றே எழுதிவிடுகின்றனர். இது நிலக்கரியின் முதற்படி மட்டுமே. இது மண்ணுள் புதைந்து, அழுத்தமும் வெப்பமும் பெற்றால் நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியாகும். மேலும் முற்றினால் கரி. ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் வந்து இறங்கும் கரியும் 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு சதுப்பில் பீட்டாகக் கிடந்ததுதான். அதன் சாம்பல் இன்று எண்ணூர்க் கழிமுகத்தில், மற்றொரு சதுப்பில், படிந்து கிடக்கிறது.

அயர்லாந்தில் பீட்டைக் கட்டிகளாக வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தனர், மின்சாரமும் எடுத்தனர். அந்நாட்டு அரசு நிறுவனமான போர்டு நா மோனா 2021இல் பீட் வெட்டுவதை நிறுத்தியது. ஸ்காட்லாந்தில் விஸ்கிக்கான பார்லியை உலர்த்த இதன் புகை பயன்படுகிறது. ஈரத்தைப் பிடித்துவைப்பதால் நாற்றங்கால்களுக்கும் உகந்தது. திருவொற்றியூர் மாடித்தோட்டக்காரர் வாங்கும் 'கோகோபீட்' வேறு. அது தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் சோற்றுத்தூள். பொள்ளாச்சியில் முன்பு கழிவாய்க் குவிந்து கிடந்தது. இப்போது கட்டிகளாக ஏற்றுமதியாகிறது.

தமிழ்நாட்டில் உண்மையான பீட் நீலகிரியில், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்குகளில் உள்ளது. அடுப்புக்கு உதவும் அளவு பெரிதல்ல. அதன் மதிப்பு வேறு. உதகை அருகே சாண்டிநல்லா முதலிய இடங்களின் படிவுகளை ஆர். சுகுமாரும் உடனாய்வாளரும் ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். வறண்ட காலத்துப் புல்லிலும் ஈரக்காலத்துச் செடிகளிலும் கார்பன் ஓரிடத்தான்களின் விகிதம் வேறுபடும். அதைக்கொண்டு, சுமார் 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை மலை வறண்டிருந்ததையும், 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை மிக வலுத்ததையும் கணித்தனர். எழுத்து தோன்றுவதற்கு முந்தைய மழைக்கணக்கு!

இச்சதுப்புகளை வடித்து உருளைக்கிழங்கோ தேயிலையோ பயிரிட்டால், காற்றுப்பட்டு பீட் மக்கத் தொடங்கும். சேர்ந்திருந்த கார்பன் வளிக்குப் போகும். அடுக்குகள் கலைந்தால் அந்தக் கணக்கும் போகும். ஒரு மீட்டர் மீண்டும் படிய ஏறக்குறைய 1,000 ஆண்டு.