ஆண்டிறுதி அரங்கு

டென்னிஸ் என்றதும் நம் நினைவில் எழுவது விம்பிள்டனின் பசும்புல் தரையே. ஆயின், ஆண்டின் ஆட்டங்களெல்லாம் ஓய்ந்த பின்னர், கூரையிட்ட கூடத்தினுள் மின்விளக்கொளியில் நடைபெறும் பெரும்போட்டி ஒன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் ஈட்டிய புள்ளிகளால் முன்னிற்கும் ஒரு சிலரே அதற்கு அழைக்கப்பெறுவர். மாஸ்டர்ஸ் என்னும் பெயரோடு 1970-இல் தோன்றிய இப்போட்டி, ஒரு பெரும் பூசலின் விளைவாகும்.

1968 வரை பெயர்பெற்ற போட்டிகளில் பணத்துக்கு ஆடுவோர்க்கு இடமில்லை. அத்தகையோரைத் திரட்டி, ஊர் ஊராகக் காட்சி ஆட்டங்கள் நடத்தி வந்தவர் அமெரிக்கரான ஜாக் கிரேமர். நம் ராமநாதன் கிருஷ்ணனையும் அவர் பெருந்தொகை காட்டி அழைத்தார், கிருஷ்ணன் இசையவில்லை. 1968-இல் கதவு திறந்தது. திறந்ததும் வேறொரு தொல்லை புகுந்தது. டெக்ஸாஸ் செல்வர் லமார் ஹண்ட் போன்றோர் சிறந்த ஆட்டக்காரர்களை ஒப்பந்தத்தால் பிணைத்துத் தனிச்சுற்று நடத்தலாயினர். பழம்பெரும் போட்டிகள் வீரரின்றி வாடுமோ என்ற அச்சம் பிறந்தது. அப்போது கிரேமர் ஒரு வழி சொன்னார்: பல நாட்டுப் போட்டிகளையும் ஒரே மாலையாகக் கோத்து, வெற்றிக்கேற்பப் புள்ளி வழங்கி, முன்னிற்போரை ஆண்டு முடிவில் ஓரிடத்தில் மோதவிட வேண்டும். வீரர்களை அப்போட்டிகளிலிருந்து ஒரு காலத்தில் பிரித்துச் சென்றவரே அவற்றைக் காக்க வந்தது வேடிக்கைதான்!

முதற்போட்டி டோக்கியோவில் 1970 டிசம்பரில் நடந்தது. ஆடியவர் அறுவர், ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் மோத வேண்டும். ஸ்டான் ஸ்மித்தும் ராட் லேவரும் ஆளுக்கு நான்கு வெற்றி பெற்றனர். இருவரும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தில் ஸ்மித் வென்றிருந்தமையால் பட்டம் அவருக்குச் சென்றது. ஒருமுறை தோற்றவன் வெளியேற வேண்டும் என்ற டென்னிஸின் பழைய நெறி இங்கே தளர்ந்துவிட்டது. இத்தளர்ச்சி நன்றா, தீதா என்பதைச் சோதித்தது 1975-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம்.

அங்கே ஆர்தர் ஆஷும் ருமேனியரான இலி நஸ்டாஸேயும் மோதினர். ஆஷ் அவ்வாண்டின் விம்பிள்டன் வீரர், கண்ணியத்துக்குப் பெயர்போனவர். நஸ்டாஸேயோ திறமையும் குறும்பும் சரிபாதி கலந்தவர். முதல் செட்டை இழந்து இரண்டாவதை வென்ற ஆஷ், மூன்றாவதில் 4-1 என முன்னிலையில் இருந்தார். அப்போது நஸ்டாஸே பந்தை அடிக்காமல் நிறுத்தி, ‘ஆயத்தமா?’ என்று மீண்டும் மீண்டும் வினவி ஆஷைச் சீண்டினார். பொறுமை இழந்த ஆஷ் களத்தை விட்டே வெளியேறினார். களம் நீங்கியவர் தோற்றவரே என்பது விதி. நடுவரோ, நஸ்டாஸேயைத் தாமே விலக்கவிருந்ததாகக் கூறினார். விளைவு, இருவரும் தோற்றனர்! ஓர் ஆட்டத்தில் இருவரும் தோற்பதென்பது கணக்குக்கே விரோதமன்றோ? பின்னர்க் கூடி ஆராய்ந்து வெற்றியை ஆஷுக்கே வழங்கினர். நஸ்டாஸே அவருக்கு ரோஜாமலர்கள் அனுப்பி வருத்தம் தெரிவித்தார். ஆயினும், ஒரு தோல்வியால் வெளியேறத் தேவையில்லாத முறையால் நஸ்டாஸே மேலே சென்று, இறுதியாட்டத்தில் போர்கை 6-2, 6-2, 6-1 என வென்று பட்டத்தையும் பெற்றார். ஆஷோ, அதே போர்கிடம் அரையிறுதியில் தோற்றிருந்தார். முறை பிழையன்று, எனினும் நம் மனம் ஆஷின் பக்கமே சாய்கிறது.

இப்போட்டி ஓரூரில் நிலைத்ததில்லை. 1974-இல் மெல்போர்ன் நகரில் திறந்தவெளிப் புல்தரையிலும் நடந்தது. நியூயார்க்கில் ஏறத்தாழப் பன்னிரண்டாண்டு தங்கிய காலத்தில், இவான் லெண்டில் தொடர்ந்து ஒன்பது இறுதியாட்டங்களைக் கண்டு ஐந்தில் வென்றார். 2009 முதல் லண்டன், 2021 முதல் இத்தாலியின் துரின். இரட்டையர்க்கான ஆண்டிறுதிப் போட்டி தனியே நடந்த காலமும் உண்டு. 2000-இல் அது நம் பெங்களூருக்கே வந்தது. இறுதியாட்டத்தில் பயஸும் பூபதியும் நின்றனர். பட்டத்தையோ டொனால்ட் ஜான்சனும் பீட் நார்வலும் கொண்டு சென்றனர்.