புதுச்சேரி நகரின் மரபிடங்கள்

புதுச்சேரி நகரில் வெளியூரார் சுற்றிப் பார்க்கும் வரலாற்று, பண்பாட்டு இடங்களில் பெரும்பாலானவை, முட்டை வடிவில் வளைந்து செல்லும் பழைய எல்லைச் சாலைகளுக்குள் அடங்கிவிடும். கிழக்கே கடற்கரைச் சாலை, வடக்கே சர்தார் வல்லபாய் பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. உள்ளே வடக்கு தெற்காகச் செல்லும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாக வகிர்கிறது: கடல் பக்கம் வெள்ளை நகரம், மேற்குப் பக்கம் தமிழ் நகரம். எல்லைக்கு அப்பால் வடமேற்கில் இருப்பது சாரம். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த நெருக்கமான குடியிருப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வருவோர் பலர் இராஜீவ் காந்தி சதுக்கத்தில் திரும்பி, சாரத்தின் வழியாகச் செல்லும் காமராஜர் சாலையைப் பிடித்தே ஊருக்குள் நுழைகிறார்கள். ஆனால் சுற்றுலாவுக்கென்று அச்சிடும் வரைபடங்கள் பெரும்பாலும் சாரத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

காண வேண்டியவற்றில் மிகப் பழையதும் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு, கிரேக்கப் பயணக் குறிப்புகளில் பொதுகே என்று வரும் துறைமுகமாக அடையாளம் காணப்பட்ட இடம். 1769இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார் லெ ஜாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர். அன்று மேகம் மறைத்துவிட்டது. வந்தவர் சும்மா இராமல், அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினத்துப் பழஞ்சின்னங்களைப் பற்றியும் எழுதி வைத்தார். 1930களில் ழூவோ துப்ரேய் அந்த மேட்டின் அருமையை உணர்த்தினார். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானியக் குடுவைகளும் இத்தாலியச் சிவப்பு மட்கலங்களும் கிடைத்ததால், தென்னிந்தியத் தொல்லியலுக்கு நம்பத்தக்க ஒரு காலக்கணக்கு கைக்கு வந்தது. அடுத்துக் கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் ஆய்ந்தனர். இன்று அங்கே போவோர் தோப்பையும் சில செங்கல் சுவர்களையும் கண்டு, இவைதாம் ரோமானியர் கட்டியவை என்று மயங்குவது உண்டு. அச்சுவர்கள் 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மடத்தைச் சேர்ந்தவை. முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் மணிகளையும் மட்கலங்களையும் பார்த்துவிட்டுப் பிறகு அரிக்கமேட்டுக்குப் போவதே முறை.

பிரெஞ்சுக்காரர் 1673இல் இங்கே காலூன்றினர். பிரான்சுவா மர்த்தேன் குடியேற்றத்தை வளர்த்தார். 1693இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் ஆறாண்டுகளில் திருப்பிக் கொடுத்தனர். கோடு போட்டாற்போல் ஒன்றையொன்று நேராக வெட்டும் தெருக்களுக்கு அடிப்படை, அந்த இடைவெளியில் அவர்கள் வரைந்த திட்டம். பிரெஞ்சு அழகு என்று புகழப்படும் தெருவமைப்பில் டச்சுக்காரருக்கும் பங்குண்டு.

வெள்ளை நகரத்து மஞ்சள் மாளிகைகளைப் பார்த்து, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் காலத்தை நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டூப்ளேயின் நகரம் இப்போது இல்லை. 1761 சனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்ததும் கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. இதில் ஒரு விந்தை உண்டு. பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிய லாலி, அயர்லாந்தின் கால்வே பகுதியிலிருந்து பிரான்சுக்குப் போன குடும்பத்தவர். எதிரே முற்றுகையிட்ட அயர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்தவர். வந்தவாசியில் 1760இல் மோதியவர்களும் இவர்களே. தோற்ற லாலியைப் பாரிசில் 1766இல் சிரச்சேதம் செய்தனர். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் மீண்டும் கட்டத் தொடங்கினார். ஆக, இன்று நாம் காண்பது பெரும்பாலும் இடிபாட்டின் மேல் எழுந்த ஊர்.

அதற்கு முன்னைய காலத்தின் அரிய எச்சம், ரங்கப்பிள்ளை வீதியிலுள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. கீழ்த்தளம் முற்றமும் மரத்தூண்களுமாகத் தமிழ் வீடு. மேல்தளம் ஐரோப்பியப் பாணி. டூப்ளேயின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு, நகரத்தை உள்ளிருந்து காட்டும் ஆவணம். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதைத் தடுக்க முடியாத ஊராரின் வேதனையையும் அவர் பதிந்திருக்கிறார். கோயில் பின்னர் வேறிடத்தில், இன்றைய காந்தி வீதியில் எழுந்தது. பழைய கோயிலுக்கு அண்டையில் இருந்த தேவாலயமும் தப்பவில்லை. அது 1761இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. மாதா கோயில் வீதியில் இப்போதுள்ள சம்பா கோயில் 1791இல் முடிந்தது. நகர் வீழ்வதற்குச் சில நாள் முன்பு பிள்ளை காலமானார். வழிகாட்டி நூல்களில் இந்த வீட்டுக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பது வியப்புதான்.

பலமுறை கைமாறிய ஊர் 1816இல் பிரான்சிடம் நிலைத்தது. கண்ணைக் கவரும் பொதுக் கட்டிடங்கள் பலவும் அதன் பின்னர் வந்தவை: 1827இல் தொடங்கிய நூலகம் (இன்று ரொமேன் ரோலான் பெயரில்), 1836இல் ஒளியேற்றிய கலங்கரை விளக்கம், 1855இன் கப்ஸ் கோயில். 1866இல் அமைத்த இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோயிற்று. பாரதி பூங்கா நடுவிலுள்ள ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக எழுந்தது. அதன் கதை உழவர்கரைப் பக்கத்துக் கதை. விளக்கொளியில் தெரிந்த வீட்டைக் கோயில் என எண்ணி விஜயநகர மன்னர் கும்பிட்டாராம். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்றறிந்து வெகுண்டு இடிக்கச் சொன்னாராம். அவளே இடித்துவிட்டு அவ்விடத்தில் குளம் வெட்டினாளாம். அந்தக் குளமிருந்த முத்தரையர்பாளையத்து நீரே பிறகு வெள்ளை நகரத்துக்கு வந்தது. கடற்கரையில் 1870இல் நிறுவிய டூப்ளே சிலையைப் பின்னாளில் தென்கோடிக்கு நகர்த்தினர். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்களுக்கு நடுவே இப்போது காந்தி நிற்கிறார்.

தமிழர் இங்கு தேடி வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆங்கிலேயர் கைக்கு எட்டாத மண் என்பதால் பாரதியார் 1908இல் வந்து பத்தாண்டுகள் தங்கினார். ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பெருமாள் கோயில் வீதியிலுள்ள பாரதிதாசன் வீடும் அவ்வாறே. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று வந்தார். ஆசிரமம் 1926இல் அமைந்தது. ஆசிரமத்தின் தரிசன நாள்கள்தாம், இந்தியா முழுவதிலுமிருந்து மக்களை இந்த ஊருக்கு இழுத்த முதல் பெரிய ஈர்ப்பு என்று சொல்லலாம். அரசின் சுற்றுலாத் துறை அதற்குப் பின்னர்தான்.

பழைய கட்டிடங்களைக் காக்கும் வேலையை இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை 1984 முதல் முன்னெடுத்தது. வைசியாள் வீதியில் தெருத் திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழ் வீடுகளின் முகப்புகள் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு சீரமைக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் இடம்பெற்றன. ஆனாலும் தமிழ் நகரத்தில் திண்ணைகள் கடைகளாகிக்கொண்டே வருகின்றன. வாடகை கூடும்போது முற்றத்து வீடு தாக்குப் பிடிப்பது கடினம். 1870களில் கட்டிய மேரி கட்டிடம் என்னும் நகராட்சி மன்றம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தனர்.

எல்லைக்கு வெளியே உள்ளவற்றை நகரத்தார் தாமே பார்த்துக்கொள்கின்றனர். மாசிமகத்தன்று மயிலம் முருகனும் சுற்று வட்டாரத்துத் தெய்வங்களும் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது கூடும் கூட்டம் வெள்ளை நகரத்துச் சாலைகளில் கூடுவதில்லை. 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த கீழூரில் நினைவிடம் உள்ளது. பஞ்சாலைகளும் எல்லைக்கு வெளியேதான். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு இந்தியப் படை சுட்டதில், போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் உயிரிழந்தனர். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆலைகள் 2020இல் முற்றிலும் மூடப்பட்டன. ஆண்டுதோறும் ஜூலை 30இல் தொழிற்சங்கத்தினர் தியாகிகளுக்கு அங்கு மாலை அணிவிக்கிறார்கள். நகர உலாக்களின் வழித்தடத்தில் அந்த ஆலைகள் இன்னும் சேரவில்லை.