காணிக்கையின் கணக்கு

வானொலி நிலையமொன்றை நடத்துவதற்குப் பொருள் வேண்டும். அப்பொருள் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கொண்டே அந்நிலையத்தின் குணமும் பெரும்பாலும் அமைகின்றது. பிரித்தானியாவில் 1922ஆம் ஆண்டு முதல் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அனுமதிக் கட்டணம் செலுத்தினர், அக்கட்டணமே பி.பி.சி.யை வளர்த்தது. அதே ஆண்டில் நியூ யோர்க் நகரில் ஒலிபரப்பு நேரத்தை விளம்பரத்துக்கு விற்கும் வழக்கம் தொடங்கிற்று. அமெரிக்க வானொலி வணிகர்களின் கைக்குச் சென்றது. இவ்விரண்டுமன்றி மூன்றாவது வழியொன்றும் உண்டு. கேட்போர் மனமுவந்து அனுப்பும் காணிக்கையைக் கொண்டு நிலையத்தை நடத்துவதே அது. அமெரிக்காவின் மதப் பிரசார வானொலிகள் பல இவ்வழியில் வளர்ந்தவை. அவற்றுள் பெரியதொன்றாகிய 'பமிலி ரேடியோ'வின் எழுச்சியும் பொருளாதார வீழ்ச்சியும், காணிக்கை கொடுப்போனுக்கும் அதனை ஆள்வோனுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவை எழுப்புகின்றன. அவ்வினா மதத்தோடு மட்டும் நின்றுவிடுவதன்று.

இந்நிறுவனம் 1958ஆம் ஆண்டு கலிபோர்ணியாவில் தோன்றியது. அதனை நிறுவியவருள் முதன்மையானவர் ஹரோல்ட் கம்பிங். 1921இல் பிறந்த இவர் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1942இல் பொறியியற் பட்டம் பெற்றுக் கட்டட ஒப்பந்தத் தொழில் நடத்தியவர். குருத்துவப் பயிற்சி பெற்றவரல்லர். சான் பிரான்சிஸ்கோவில் பண்பலை நிலையமொன்றை வாங்கி, 1959இல் ஒலிபரப்பத் தொடங்கினர். பக்தி இசை, வேதாகம வாசிப்பு, போதனை என்பனவே நிகழ்ச்சிகள். விளம்பரம் கிடையாது.

பண்பலையைத் தேர்ந்தெடுத்தமை இங்கு சிறப்பாக நோக்கத்தக்கது. அக்காலத்தில் பண்பலையைக் கேட்பதற்கேற்ற வானொலிப் பெட்டிகள் மிகச் சிலரிடமே இருந்தன. இலாபமில்லை என்று கண்டு பலர் தம் உரிமங்களைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனவே பெருநகரங்களின் அலைவரிசைகளும் மலிவாகக் கிடைத்தன. நேயர்களின் சிறுசிறு தொகைகளைச் சேர்த்து நியூ யோர்க்கை அடுத்துள்ள நெவார்க், பிலடெல்பியா, மேரிலாந்தின் அனாபொலிஸ் முதலிய இடங்களில் இந்நிறுவனம் நிலையங்களைப் பெற்றது. இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1970களின் இறுதியில் அமெரிக்க மக்கள் மத்திய அலையைவிடப் பண்பலையையே மிகுதியாகக் கேட்கலாயினர். சில்லறைக் காசுக்கு வாங்கிய உரிமங்கள் கோடிக்கணக்கில் விலைபோகும் சொத்துக்களாயின. இம்மதிப்பை உண்டாக்கியது கம்பிங்கின் உழைப்புமன்று, போதனையுமன்று. நகரங்கள் பெருகியதனாலும் மக்களின் பழக்கம் மாறியதனாலும் சமுதாயம் உண்டாக்கிய மதிப்பு அது. ஆற்றங்கரை நிலத்தைப் போல, வானலையும் இயற்கையில் எவருக்கும் உரியதன்று; பொதுச்சொத்து. அதனைப் பயன்படுத்தும் உரிமமோ தனியாரிடையே விலைக்கு மாறும் பண்டமாக இருந்தது.

நிறுவனம் மேலும் விரிந்தது. 1973இல் சிற்றலை நிலையமொன்று அதன் கைக்கு வந்தது. பின்னர் புளோரிடாவின் ஒகிச்சோபீயில் பெரும் ஒலிபரப்பு நிலையம் அமைக்கப்பட்டு, அங்கிருந்து பல மொழிகளில் உலகெங்கும் ஒலி சென்றது. 2011ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மட்டும் 66 நிலையங்கள் இருந்தன. 2005 முதல் 2009 வரையான ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 80 மில்லியன் டொலர் காணிக்கையாக வந்தது. 2009இல் மட்டும் 18.3 மில்லியன்.

இவ்வளவு பொருளை ஆண்டவர் யார்? பெயரளவில் ஒரு நிருவாக சபை இருந்தது. ஆயின் கொள்கையையும் குரலையும் நிருணயித்தவர் கம்பிங் ஒருவரே. 1961இல் தொடங்கிய 'திறந்த அரங்கம்' என்னும் நிகழ்ச்சியில் நேயர்கள் தொலைபேசியில் வினாவினர். அவர் விடை கூறினார். அரங்கம் திறந்ததாயினும் முடிவான சொல் எப்போதும் ஒரே இடத்திலிருந்து வந்தது. 1988இல் அவர் தாம் சார்ந்திருந்த கிறிஸ்தவ சீர்திருத்தச் சபையை விட்டு நீங்கினார். 2001ஆம் ஆண்டளவில், திருச்சபைகளின் காலம் முடிந்துவிட்டது, விசுவாசிகள் அவற்றை விட்டு வெளியேற வேண்டும் என்று போதிக்கத் தலைப்பட்டார்.

இப்போதனையின் பொருளாதார விளைவு பெரிது. திருச்சபை எத்தனை குறைகள் உடையதாயினும் அங்கே மூப்பர்கள் உளர், கூட்டம் கூடுகின்றது, கணக்குக் கேட்பதற்கு ஓரிடம் உண்டு. துயர் வந்தால் அண்டை வீட்டார் போல உதவும் மனிதர்களும் உண்டு. அதனை விட்டு வெளியேறியவனுக்கு எஞ்சியது வீட்டு மூலையிலிருந்த வானொலிப் பெட்டி ஒன்றே. அப்பெட்டிக்கு அவன் காணிக்கை அனுப்பலாம். அதனிடம் கணக்குக் கேட்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் தனித்தனியே கேட்டனர், தனித்தனியே கொடுத்தனர். ஒருவரையொருவர் அறிந்து ஒன்றுகூடும் அமைப்பொன்று அவர்களுக்கு இருக்கவில்லை.

உலக முடிவைக் கணித்தலில் கம்பிங் முன்னரே ஈடுபட்டவர். 1994 செப்டெம்பரில் முடிவு வரக்கூடும் என்று எழுதினார், வரவில்லை. பின்னர், நோவாவின் பிரளயம் கி.மு. 4990இல் நிகழ்ந்தது என்றும், அதிலிருந்து ஏழாயிரம் ஆண்டு நிறைவெய்தும் 2011 மே 21ஆம் திகதி நியாயத்தீர்ப்பின் நாள் என்றும் கணக்கிட்டார். இம்முறை ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான விளம்பரப் பலகைகள் எழுந்தன. ஊர்திகள் அணியணியாய்ச் சென்றன. பல மொழிகளில் துண்டுப்பிரசுரங்கள் பரவின.

நம்பியோர் கொடுத்த விலை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் அடங்குவதன்று. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தம் வாழ்நாட் சேமிப்பிலிருந்து 1,40,000 டொலர் செலவிட்டுத் தாமே விளம்பரம் செய்ததை அக்காலப் பத்திரிகைகள் எழுதின. வியட்நாமின் வடமேற்கில், 1954இல் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் முறியடிக்கப்பட்ட தியன் பியன் பூ அமைந்துள்ள அதே மாகாணத்தில், மொங் என்னும் மலைவாழ் சிறுபான்மை மக்கள் ஆயிரக்கணக்கில் 2011 மே மாதத் தொடக்கத்தில் ஒன்றுதிரண்டனர். நிலமின்மை, வறுமை, புறக்கணிப்பு என நெடுநாட் குறைகள் அவர்களுக்கு இருந்தன. அவற்றோடு, வானொலி வழியே பரவிய மே 21 பற்றிய செய்தியும் அவர்களை அங்கு கூட்டியது எனச் செய்தியாளரும் ஆய்வாளரும் குறித்துள்ளனர். அரசு அதனைப் பிரிவினைச் சதி என்று கூறிப் படையை அனுப்பிக் கலைத்தது, பலர் கைதாயினர். ஓக்லந்து நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் போடப்பட்ட கணக்கின் சுமை, அக்கூடத்தை ஒருபோதும் காணாத மலைக்குடிகளின் தலையிலும் விழுந்தது.

மே 21 கழிந்தது. அன்று நிகழ்ந்தது ஆவிக்குரிய நியாயத்தீர்ப்பு என்றும், மெய்யான முடிவு ஒக்டோபர் 21இல் வரும் என்றும் கம்பிங் விளக்கினார். ஜூன் மாதத்தில் பாரிசவாதம் அவரைத் தாக்கியது. ஒக்டோபரும் கழிந்தது. 2012 மார்ச்சில் தமது கணிப்புப் பிழையென்றும் பாவமென்றும் ஒப்புக்கொண்டு கடிதம் வெளியிட்டார். 2013 டிசெம்பர் 15இல் தமது 92ஆவது வயதில் மறைந்தார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித் திணைக்களத்துக்கு அளிக்கும் அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வையிடலாம். அவற்றைக் கொண்டு பத்திரிகைகள் வெளியிட்ட விவரத்தின்படி, 2007இல் 135 மில்லியன் டொலராக இருந்த நிறுவனத்தின் தேறிய சொத்து 2011 இறுதியில் 29.2 மில்லியனாகக் குறைந்தது. நான்கு ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு கரைந்தது என்று கொள்ளலாம். 2008இன் பொருளாதார நெருக்கடி பங்குகளையும் வானொலி உரிமங்களையும் விலைகுறையச் செய்தது என்பதும் உண்மை. ஆயினும் வரவை மீறிய செலவே அடிப்படைக் காரணம். நாளை என்பது இல்லை என்று நம்புகிறவன் நாளைக்கென எதையும் சேமித்து வைக்கமாட்டான். தீர்க்கதரிசனம் பொய்த்த பின்னர் காணிக்கையும் ஏறத்தாழ எழுபது சதவீதம் வீழ்ந்தது.

இதில் முரண்பாடொன்றும் உண்டு. உலகுக்கு முடிவுநாள் குறித்த அதே நிறுவனம், அவ்வாண்டின் அறிக்கையொன்றை மாநில அரசுக்குச் சமர்ப்பிக்க நவம்பர் வரை தவணை கோரியிருந்ததாகச் செய்தி வெளியாயிற்று. கடைநிலை நேயன் தன் சேமிப்பைத் துடைத்துக் கொடுத்தான். அலுவலகமோ வழமைபோல் தவணை கேட்டது.

கடனும் செலவும் நெருக்கவே நிலையங்கள் விற்கப்பட்டன. பிலடெல்பியா நிலையம் 22.5 மில்லியனுக்கும், அனாபொலிஸ் நிலையம் 8.5 மில்லியனுக்கும், நெவார்க் நிலையம் ஏறத்தாழ 40 மில்லியனுக்கும் கைமாறின. வாங்கியவை மேர்லின், சி.பி.எஸ்., கியூமுலஸ் ஆகிய வணிக நிறுவனங்கள். பக்திப் பாடல் ஒலித்த நெவார்க் அலைவரிசையில் 2013இல் விளம்பரத்தோடு கூடிய நாட்டுப்புறப் பாணி இசை ஒலித்தது. ஒகிச்சோபீயின் சிற்றலை ஒலிபரப்பு 2013 ஜூன் 30ஆம் திகதி மௌனித்தது. ஊழியர் பலர் வேலையிழந்தனர்.

நிறுவனம் முற்றாக அழிந்துவிடவில்லை. அது தப்பிய விதமும் சிந்திக்கத்தக்கது. 2015இல் நியூ யோர்க்கின் மத்திய அலை நிலையமொன்றை 12.95 மில்லியனுக்கு வாங்கிற்று. அதன் கோபுரம் நின்ற குவீன்ஸ் பகுதி நிலம் 51 மில்லியனுக்கு விலைபோக, 2021 பெப்ரவரியில் அங்கிருந்து ஒலிபரப்பு நின்றது. நிலையத்தின் குரலைவிட அது நின்ற மண்ணுக்கு நான்கு மடங்கு விலை! பண்பலை உரிமங்களில் நிகழ்ந்ததே நிலத்திலும் நிகழ்ந்தது. இதற்கிடையில் 2018இல் கம்பிங்கின் ஒலிப்பதிவுகளும் நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கப்பட்டன.

இவ்வரலாற்றை அமெரிக்கப் பத்திரிகைகள் பெரும்பாலும் நகைப்புக்குரியதாகவே எழுதின. மூடநம்பிக்கையாளர் ஏமாந்தனர் என்பது அவற்றின் தீர்ப்பு. அத்தீர்ப்பு எளிது, ஆதலாற் போதாது. கம்பிங் காணிக்கையைத் தம் சுகபோகத்துக்குச் செலவிட்டவரல்லர், சம்பளமின்றி உழைத்தார், தாம் கூறியதைத் தாமே நம்பினார். அவர் வஞ்சகராக இருந்திருப்பின் இக்கதை ஒரு குற்றவழக்கோடு முடிந்திருக்கும். நேர்மையான ஒருவர் கையிலேயே அரை நூற்றாண்டுச் சேமிப்பு நான்கு ஆண்டுகளிற் கரைந்ததெனில், குறை தனிமனிதரின் ஒழுக்கத்தில் இல்லை, அமைப்பிலே உள்ளது. கொடுத்தோர் பல்லாயிரவர், முடிவு செய்தவர் ஒருவர். தடுப்பதற்கு வாக்குமில்லை, விசாரிப்பதற்குக் கூட்டமுமில்லை.

கொடுத்தோரை நாம் இகழ்வதற்கு உரிமையில்லை. விளம்பரமில்லாத ஒரு வானொலியை, இலாபமே சமயமான நாட்டில், தம் சிறுபொருளால் ஐம்பது ஆண்டு காத்தவர்கள் அவர்கள். மக்கள் கூடிக் கொடுத்தால் எத்துணைப் பெரிய நிறுவனத்தையும் கட்டியெழுப்பலாம் என்பதற்கு அவர்களே சான்று. கட்டியெழுப்பியதைத் தாமே ஆளும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை என்பதே அவர்களின் அவலம். பொதுப்பணத்தால் எழுந்த எந்த நிறுவனமாயினும், அதன் கணக்கேடு பொதுமக்கள் முன் விரிக்கப்படவேண்டும். அதன் தலைமை மக்கள் கேள்விக்கு விடையிறுக்கவேண்டும். அந்நிலை வராதவரை, காணிக்கை கொடுப்போன் தன் பொருளை மட்டுமன்று, அதன்மீது தனக்குள்ள உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறான்.