கூனி நிமிர்ந்த கதையும் கொழுந்துக் கூடையும்



கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்குக் கொழுந்து பறித்தோருள் தமிழர் பலர். சரிவில் நாள் முழுதும் நின்று, நிறைந்த கூடையை முதுகில் சுமந்தவர்கள் அவர்கள். அத்தகைய மூதாட்டி ஒருவர், என் மாணவரின் பாட்டியார், அண்மையில் என்னிடம், "டிராக்‌ஷன் போட்டா முதுகு நிமிருமா சார்?" என வினவினார்.

முதுகை இழுத்து நேராக்கும் எண்ணம் மிகப் பழமையானது. பாகவதத்தில் கண்ணன், வடமதுரைக் கூனியின் பாதங்களைத் தன் காலால் அழுத்தி, இரு விரல்களால் மோவாயை உயர்த்தி நிமிர்த்துகிறான். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் நோயாளியைப் பலகையில் கிடத்தி, இருபுறமும் இழுக்கும் முறையை விளக்கினார். ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கும் முறையையோ, கூட்டத்தை வாய்பிளக்க வைக்கும் போலிகளின் வழக்கம் என இகழ்ந்தார். (இன்றைய விளம்பரங்கள் சிலவற்றை அவர் பார்த்திருக்க வேண்டும்!)

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை 1934இல் மிக்ஸ்டர், பார் இருவரும் எடுத்துரைத்தனர். இழுத்தால் இடைவெளி விரிந்து அழுத்தம் குறையும் என்னும் நம்பிக்கையில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் இழுவைச் சிகிச்சையைப் பரப்பினார். ஆனால், 2013இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இடுப்புவலிக்கு இதனால் பயன் சிறிதே அல்லது இல்லை என்றது. கழுத்துவலிக்கும் போதிய சான்றில்லை என்பது 2008ஆம் ஆண்டுத் தொகுப்பின் முடிவு.

முதுமைக் கூனுக்குப் பெரும்பாலும் எலும்பு நலிவு காரணமாகலாம். அந்நிலையில் இழுப்பது ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டுமாறு பாட்டியாரிடம் கூறினேன். கண்ணன் கதையையும் சொன்னேன்.

"அப்ப அவருதான் வரணும்," என்று சிரித்தார்.