தண்டவாளம் காணாத இரயில் நிலையம்

பட்டர்வொர்த்திலிருந்து படகேறிப் பினாங்குத் தீவுக்குச் செல்வோரின் கண்ணில் படும் பழங்கட்டடங்களுள் ஒன்று, குவிமாடம் சூடிய மணிக்கூண்டுடன் கடலோரத்தில் நிற்கும் வெண்ணிற மாளிகை. 'விஸ்மா கஸ்தாம்' என்று இன்று வழங்கும் அம்மாளிகை, 1907-ஆம் ஆண்டில் இரயில் நிலையமாகவே எழுந்தது. ஆயினும் அதன் வாசலுக்கு ஒரு நாளும் இரயில் வந்ததில்லை!

விக்டோரியா அரசியாரின் மணிவிழாவுக்காகச் செல்வந்தர் சியா சென் இயோக் எழுப்பிய அறுபது அடி மணிக்கூண்டு வேறு, இது வேறு. இதன் நீண்ட தாழ்வாரங்களும் வரிசையான வளைவுகளும் இரயில்வே நிர்வாகத்தின் செல்வாக்கைப் பறைசாற்றக் கட்டப்பட்டவை. பயணிகள் இங்குச் சீட்டு வாங்கி, இரயில்வேயின் படகிலேறி, அக்கரையில் பிறை நிலையத்தில் வண்டி பிடித்தனர்.

உண்மையில் வண்டிகள் வந்து நின்ற இடம் பிறைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புக்கிட் மெர்தாஜாம் வழியே அங்குப் பாதை வந்தடைந்தது. 1909-இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை வழி தொடர்ந்தது. 1918-இல் சயாமின் பாதையோடும் இணைப்பு ஏற்பட்டது. பெரியவர்கள் 'கம்பிச் சடக்கு' என்றழைத்த இப்பாதைகளுக்காகக் காடு திருத்தி, சதுப்பில் மண் கொட்டி, கட்டை அடுக்கியவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மிகப் பலர். நிலைய அதிகாரிகளாகவும் கணக்கர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பணிபுரிந்தனர். மாளிகையில் அவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை. அவர்கள் உழைப்பு இக்கரை மண்ணுக்குள் கிடக்கிறது.

பட்டர்வொர்த்துக்கு இரயில் வந்ததோ 1967-இல்தான். பிறை ஆற்றின் குறுக்கே, கப்பல்களுக்கு வழிவிட்டுத் திரும்பும் பாலம் அமைந்த பின்னரே வண்டிகள் படகுத்துறையின் அருகே வந்து நின்றன. படகிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சில நிமிடம் நடந்தாலே வண்டியைப் பிடித்துவிடலாம். பாங்காக் செல்லும் விரைவு வண்டியும் 2016 வரை இங்கிருந்தே புறப்பட்டது. தீவிலிருந்த மாளிகைக்கோ பழைய வேலை இல்லாது போயிற்று.

1967-இல் எழுந்த அந்நிலையம் அலங்காரம் ஏதுமற்றது. இரட்டை மின்பாதைத் திட்டத்திற்காக அதுவும் இடிக்கப்பட்டது. 2015 முதல் மின்சார வண்டிகள் ஓடுகின்றன. 2018-இல் பினாங்கு சென்ட்ரல் திறக்கப்பட்டது. இரயிலைச் சுமந்த கரையில் அக்காலச் சுவர்களைக் காண்பது அரிது. இரயிலையே காணாத மாளிகை மட்டும் அக்கரையில் மணிக்கூண்டோடு நிற்கிறது.