கரஸ்ல படிச்சா மாசம் ஆயிரம் வருமா?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் சாயங்காலம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நம்ம தேவதானப்பட்டிப் பிள்ளைதான். ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள், இப்போது பி.ஏ. இரண்டாம் வருடம். அவள் அம்மா மாந்தோப்பு வேலையில் கீழே விழுந்து இடுப்பில் நல்ல அடி. இரண்டு மாதமாவது படுக்கை. தம்பி பள்ளிக்கூடம் போகிறான், அப்பா இல்லை. வாசப்படியில் உட்கார்ந்து கேட்டாள்: "டீச்சர், டி.சி. வாங்கிட்டுக் கரஸ்ல சேந்துக்கிறேன். அம்மாவையும் பாத்துக்கிட்டு, பாதி நாள் வேலைக்கும் போயிருவேன். புதுமைப்பெண் பணம் அப்பவும் மாசம் ஆயிரம் வரும்ல?"

"வராதும்மா" என்றேன்.

"படிக்கத்தானே போறேன் டீச்சர்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் புதுமைப்பெண். 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். நம்ம பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. ஆனால் தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்குக் கிடையாது. இடையில் நின்றால் பணமும் நின்றுவிடும்.

இந்தத் திட்டம் எதிலிருந்து வந்தது என்று பலருக்கு மறந்துபோயிருக்கும். 1989-இல் கலைஞர் ஆட்சியில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம்தான் இப்படி மாறியது. படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5000 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2011-இல் ஜெயலலிதா அம்மையார் ஆட்சியில் பட்டம், பட்டயம் முடித்தவர்களுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் என்று உயர்ந்தது. பிறகு தங்கம் 8 கிராம் ஆனது. எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த விண்ணப்பத்தை நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. படித்ததற்கான பணத்தைக் கல்யாணத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டது எனக்கு அப்போதே பிடிக்காது. மாப்பிள்ளை வீட்டார் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

ஆனால் அந்தப் பழைய விதியில் ஒரு விஷயம் இருந்தது. பட்டதாரிப் பெண் கல்லூரியில் படித்திருக்கலாம், தொலைதூரக் கல்வியில் படித்திருக்கலாம், அரசு அங்கீகரித்த திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படித்திருக்கலாம். பாஸ் ஆன சான்றிதழ் இருந்தால் போதும். எந்த வேகத்தில் படித்தாய், பகலில் என்ன வேலை பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

முடித்தபிறகு கொடுக்கும் பணத்துக்குச் சான்றிதழ் மட்டும் போதும். படிக்கும்போதே கொடுக்கும் பணத்துக்கு "இவள் இன்று படிக்கிறாளா?" என்று மாதாமாதம் தெரியவேண்டும். அதற்கு அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே வழி கல்லூரியின் பெயர்ப்பட்டியலும் வருகைப்பதிவேடும்தான். புதுத் திட்டம் பழையதைவிட நூறு மடங்கு மேல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பணம் கல்யாண மண்டபத்துக்குப் போகாமல் பஸ் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகிறது. ஆனால் மாறும்போது கரஸ் பிள்ளைகள் விடுபட்டுப் போனார்கள்.

இன்னும் பின்னால் போவோம்.

1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஒரு இளைஞருக்கு மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவில் படிக்க அனுப்பினார். அவர்தான் அம்பேத்கர். கொலம்பியாவில் படித்துவிட்டு 1916-இல் லண்டன் போனார். பொருளாதாரப் பள்ளியில் ஒரு பக்கம், கிரேஸ் இன்னில் சட்டம் இன்னொரு பக்கம். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, படிப்பு முடியவில்லை. திரும்பி வந்தார். நான்கு வருடத்துக்குள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று லண்டனில் அனுமதி கொடுத்திருந்தார்கள். அதுதான் அவரைக் காப்பாற்றியது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்து, மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரிடம் கடனும் வாங்கி 1920-இல் மறுபடி போனார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். பாதியில் நின்றவர் திரும்பிப் போக ஒரு கதவு திறந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதே அம்பேத்கர் 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அந்த வருடமே பட்டியல் சாதியாரின் குறைகளைப் பற்றி ஒரு மனு கொடுத்தார். அதில் உயர்கல்விக்கு உதவித்தொகையும் ஒரு கோரிக்கை. 1944-இல் அது திட்டமாக வந்தது. பிறகு பழங்குடியினருக்கும் விரிந்தது. இன்றைக்கும் 'போஸ்ட் மெட்ரிக்' என்று பிள்ளைகள் வாங்குவது அதுதான். எண்பது வருடத்துக்கும் மேல் ஓடும் திட்டம், லேசான காரியமா?

இந்தத் திட்டத்தின் விதிகளைப் படித்தால் அரசாங்கத்தின் மனசில் இருந்த மாணவன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். முழுநேரம் படிப்பவன். முழுநேர வேலை பார்ப்பவனுக்குக் கிடையாது, படிப்புக் காலம் முழுக்கச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால்தான் உண்டு. அனுமதி இல்லாமல் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினால் ரத்து செய்யலாம். வருட நடுவில் நின்றால் வாங்கியதைத் திருப்பிக் கேட்கலாம். அதே சமயம், நோய்வாய்ப்பட்டுத் தேர்வு எழுத முடியாமல் போனால் மருத்துவச் சான்றோடு அடுத்த வருடமும் புதுப்பிக்கலாம். இந்தக் கடைசி விதி நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. 

இதற்கிடையில்தான் தபால் வழிப் படிப்பு வந்தது. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. நம்ம மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் பிறந்து, 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தேனி, கம்பம் பக்கத்தில் அதனால் பட்டதாரி ஆனவர்கள் எத்தனை பேர்! என்னோடு வேலை பார்த்த இடைநிலை ஆசிரியர்களில் பாதிப்பேர் சனி, ஞாயிறு வகுப்புக்கு மதுரைக்குப் பஸ் ஏறியவர்கள். நானும் ஒருமுறை விண்ணப்பம் வாங்கினேன், நிரப்பாமலே பீரோவில் கிடந்தது. அது வேறு கதை.

கரஸ் என்றாலே சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பவர் என்று அரசாங்கம் நினைத்ததற்கு நாங்களும் ஒரு காரணம். எங்களுக்கு உதவித்தொகை தேவைப்படவில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போய்க்கொண்டு கரஸ்ஸில் படித்த பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நின்றார்கள். போஸ்ட் மெட்ரிக் திட்டம் அவர்களை முழுதாகக் கைவிடவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது, புத்தகத்துக்கு ஒரு தொகை கொடுத்தது. 2010-இல் உயர்த்திய விகிதப்படி, வீட்டிலிருந்து கல்லூரி போகும் பி.ஏ. மாணவருக்கு மாதம் 300 ரூபாய். கரஸ் மாணவருக்கு வருடத்துக்கு 1200, அதாவது மாதம் நூறு. சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அது ஒரு பங்கு. புதுமைப்பெண்ணில் அந்தப் பங்கும் இல்லை, ஆயிரம் அல்லது பூஜ்யம்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். நம்ம உதவித்தொகை பிறந்த அதே 1944-இல் அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. பகுதிநேரம் படித்தால் பிழைப்புப் படியைக் குறைத்துக் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். இப்போது அங்கே ஏழை மாணவர்களுக்கான பெல் மானியமும் அப்படித்தான். ஒரு பருவத்துக்கு 12 கிரெடிட் எடுத்தால் முழுத்தொகை, 9 எடுத்தால் முக்கால், 6 எடுத்தால் பாதி. ஆஸ்திரேலியாவில் முழுப் பாடச்சுமையில் முக்கால் பங்கு எடுத்தாலே முழுநேர மாணவர் என்று கணக்கு. அதற்குக் கீழே இறங்கினால் பணம் நிற்கும், கடுமையான உடல்குறை உள்ளவர்களுக்குக் கால் பங்கு வரை சலுகை உண்டு. அங்கேயும் கறார்தான். ஆனால் படிப்பைக் குறைப்பது என்று ஒரு காரியம் இருக்கிறது, அதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது.

நம்ம கல்லூரியில் மதிப்பெண் பட்டியலில் கிரெடிட் என்று அச்சடித்திருக்கிறார்கள். இந்தப் பருவம் இரண்டு பாடம் மட்டும் எடுக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். நம்ம பிள்ளைகள் படிப்பைக் குறைக்கும் ஒரே வழி அரியர் வைப்பதுதான்! அரியருக்குப் பணம் நிற்பதில்லை. பேர் பட்டியலில் இருக்கிறது இல்லையா? அம்மாவைப் பார்த்துக்கொள்ள வெளிப்படையாகப் பாடத்தைக் குறைக்க மட்டும் வழியில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "எது செஞ்சாலும் டி.சி. மட்டும் வாங்காதே" என்றேன். டி.சி. வாங்கினால் பட்டியலில் பேர் போய்விடும், ஆயிரமும் போகும். போஸ்ட் மெட்ரிக்கும் வாங்குகிறாள், வருட நடுவில் நின்றால் அதற்கும் பதில் சொல்லவேண்டும். வருகை 75 சதவீதம் வேண்டும் என்றாலும், பல பல்கலைக்கழகங்களில் 65-க்குக் குறையாமல் இருந்தால் காரணம் காட்டி, அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம். அதனால் அவள் இதுவரை போன நாளை எண்ணச் சொன்னேன். நோட்டில் எழுதிக் கூட்டினோம். இன்னும் பதினோரு நாள் விடுப்பு எடுக்க இடம் இருந்தது.

பதினோரு நாள் போதாது. அவள் சித்தி வத்தலக்குண்டில் இருக்கிறாள், மீதி நாளுக்கு வந்து இருக்கமுடியுமா என்று போனில் நானே பேசினேன். ஒரு மாதம் வருகிறேன் என்றாள். திங்கட்கிழமை அம்மாவின் மருத்துவச் சான்றை எடுத்துக்கொண்டு கல்லூரி முதல்வரைப் பார்க்க நானும் கூடப் போகிறேன். காலை ஏழேகால் பஸ்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது டி.சி. வாங்கக் கிளம்பினால், அதற்கு முன்னால் நாளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்குப் போடத் தெரியாவிட்டால் என் வீட்டுக்கு அனுப்புங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இருப்பேன்.